எந்த விக்டோரியா?

நீடாமங்கலம் ரயில்வே கேட்டைச் சாத்தினால் லேசில் திறக்க மாட்டார்கள். அன்று காலம் தப்பிய மாசி மழை வேறு... கருவாட்டு மூட்டையோடு மொபெட்டில் நனைந்துகொண்டிருந்தவள் தலைக்கு மேல் ஒரு குடை நீண்டது.

குடைக்காரன் மொபெட் முகப்பில் எழுதியிருந்ததைப் படித்தான்.

"எந்த விக்டோரியாங்க? நான் ரெண்டு பாத்திருக்கேன்."

"அது என் பேரு" என்று முறைத்தவளுக்கு, மறுநொடிதான் உறைத்தது. இருபத்துநாலு வருஷமாக அம்மா நாகம்மாள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அல்லவா அது...

அவள் பிறந்த அன்று, கப்பல் வேலைக்குப் போயிருந்த அப்பா அய்யாவு ஏதோ ஒரு விக்டோரியா துறைமுகத்திலிருந்து போன் செய்தார். பிள்ளைக்கு அந்த ஊர்ப் பெயரையே வைக்கச் சொன்னார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. அந்தப் பெயரில் உலகத்தில் பல ஊர்கள் இருப்பது பிறகுதான் தெரிந்தது. அங்கே போய் வந்தவர் யாராவது கண்ணில் படட்டும் என்றுதான் அம்மா மொபெட்டில் எழுத வைத்தாள்.

அவன் பரணிதரன். நெல் விளைவிக்கிற வீட்டுப் பிள்ளை, வேலை மட்டும் சரக்குக் கப்பலில். கேட் திறப்பதற்குள் அப்பாவின் விவரங்களைக் குறித்துக்கொண்டான். விடுப்பு முடியும்வரை வெயில் நாளிலும் குடையோடு அங்கே வந்து நின்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பயமாகவும் இருந்தது.

கப்பலேறும் முன் அவன் மனதைச் சொல்ல வாயெடுத்தான்.

"வேணாங்க. கப்பல்காரருக்குக் காத்திருந்து எங்கம்மா பட்டதே போதும். அப்பாவப் பத்தி தகவல் கெடச்சா மட்டும் போன் பண்ணுங்க."

கண் கலங்காமல் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்துதான் அழுதாள்.

எட்டு மாதம்... போன் வரவில்லை.

ஐப்பசி மழையில், மூடிய அதே கேட்டில், அதே குடை நீண்டது. அவன் இளைத்திருந்தான். இரண்டு துறைமுகங்களிலும் விசாரித்ததை, பழைய பதிவேடுகளைத் தேடச் சொன்னதைத் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"ஒண்ணும் கெடைக்கலங்க. அதான் போன் பண்ணல."

அவள் அவனையே பார்த்தாள். மழையோடு கண்ணீரும் வழிந்தது. அது அப்பாவுக்காக மட்டும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"தெனம் இந்த கேட்டுல வந்து நின்னேன். அப்பா தகவலுக்காகத்தான்னு நெனச்சேன்... இல்லங்க. நீங்க திரும்பி வரணும்னு நின்னேன். எங்கம்மா மாதிரியே."

கேட் திறந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. அவள் மொபெட்டைக் கிளப்பவில்லை.

"இனிமே... தகவல் ஒண்ணும் இல்லன்னாலும் போன் பண்ணுங்க."