ஜாம் ஆன பட்டாளத்து லாரி

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. பட்டாளம் பழசென்று கழித்துவிட, அண்ணன் ஏலத்தில் எடுத்த லாரி ஷெட் வாசலில் செத்துக் கிடந்தது. அண்ணன் கேபின் படியில் நின்றபடியே ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கினார். 'டொக்' என்று ஒரு சத்தம். அதற்குமேல் மூச்சில்லை.

"என்ஜின் ஜாம்! ஆயில் பாக்காம ஓட்டிக் கொன்னுட்டான்!" டிரைவரைப் பார்த்துக் குதித்தார். "மூட்டை முடிச்சைக் கட்டு. இன்னிக்கே கிளம்பு."

மகள் வீட்டிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார் டிரைவர். வந்ததும் கேபினுக்குள் எட்டிப் பார்த்தவர், தோள்பையைக்கூட இறக்காமல் நின்றார். வேலை போனால் ஷெட்டுக்குப் பின்னால் அவர் குடியிருக்கும் அறையும் போய்விடும்.

பக்கத்தில் நின்ற தம்பி ஓரடி பின்வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை திருட்டுத்தனமாக லாரியை எடுத்து ஒரு சுற்று சுற்றியவன் அவன்தான். மேட்டில் என்ஜின் அலறியது இன்னும் காதில் இருந்தது. திரும்பி வந்து தடயமே இல்லாமல் நிறுத்தியிருந்தான். புகைக்குழாய் மேல் கவிழ்க்கும் பால்பவுடர் டப்பாவைக்கூட மறக்காமல் கம்பி போட்டுக் கட்டியிருந்தான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

சத்தம் கேட்டு அண்ணி வந்தார். தன் அப்பாவின் டீசல் பம்ப் ரிப்பேர் கடையில் ஸ்பேனரோடு வளர்ந்தவர். துருவ ஆரம்பித்தால் விடமாட்டார்.

"கடைசியா எப்போ ஓட்டினீங்க?"

"சனிக்கிழமைம்மா. நல்லா ஓடிச்சு. எல்லாத்தையும் மூடிட்டுத்தான் போனேன்" என்றார் டிரைவர்.

அண்ணி தம்பியிடம் திரும்பினார். "நீ?"

"நான் பக்கத்துலயே போகல அண்ணி." சொன்னதும் அவனுக்கே அசிங்கமாக இருந்தது. டிரைவர் அவனை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆயில் அளவு சரியாக இருந்தது. ரேடியேட்டரில் கூலன்ட் கலந்த பச்சைத் தண்ணீர் கழுத்துவரை நின்றது. ராத்திரி மழையில் நனைந்த கதவில், அண்ணன் புதிதாக எழுதிய மஞ்சள் எழுத்துகள் பளபளத்தன.

என்ஜினின் முன்பக்க நட்டில் நீளமான ஸ்பேனரை மாட்டி அண்ணி அழுத்தினார். கொஞ்சம் சுற்றி, முட்டி நின்றது. எதிர்ப்பக்கம் திருப்பினார். வழுக்கிக்கொண்டு வந்தது.

"ஆயில் இல்லாம ஒட்டிப்போயிருந்தா எந்தப் பக்கமும் அசையாது. உள்ள ஏதோ நிக்குது."

என்ஜினுக்குள் டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு மறுபடி சுற்றினார். ஒரு ஓட்டையிலிருந்து கரித்தண்ணீர் பீய்ச்சியடித்து அண்ணனின் சட்டையை நனைத்தது.

"பச்சையா இல்ல, அதனால ரேடியேட்டர் தண்ணி இல்ல. கரி கலந்திருக்கு. புகைக்குழாய் வழியா இறங்கின மழைத்தண்ணி. அதை அமுக்க முடியாமத்தான் என்ஜின் முட்டி நின்னிருக்கு."

எல்லோரும் அண்ணாந்தார்கள். கேபினை ஒட்டி நெட்டுக்குத்தாக நின்ற குழாய், வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்திருந்தது. டப்பாவைக் காணோம்.

அண்ணி அண்ணனின் கட்டைவிரலைப் பார்த்தார். நகமெல்லாம் மஞ்சள்.

"கதவுல எப்போ எழுதினீங்க?"

"நேத்து மத்தியானம்."

"பெயிண்ட்டை எதுல கலக்குனீங்க?"

அண்ணன் ஷெட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். மேஜைக்கடியில் பிரஷ் ஊறிக்கொண்டிருந்த பால்பவுடர் டப்பாவில், கட்டுக்கம்பி இன்னும் தொங்கியது.

"லாரியைக் கொல்லப் பாத்தது நீங்கதான்" என்றார் அண்ணி. "பழி மட்டும் அவர் மேல."

தண்ணீரை வடித்து, எல்லாவற்றையும் மாட்டியதும் என்ஜின் இருமி, உறுமி ஓடியது. "கோபத்துல சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்று அண்ணன் டிரைவரின் தோள்பையைத் தானே வாங்கி அறைக்குக் கொண்டுபோனார்.

தம்பிக்கு அப்பாடா என்றிருந்தது. தான் எதையும் கெடுக்கவில்லை. சிரித்தபடி கேபினில் ஏறினான். முன்னால் இழுபட்டுக் கிடந்த சீட்டை டிரைவர் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார்.

தம்பியின் சிரிப்பு அப்படியே நின்றது. "முதல்லயே பாத்தீங்களா?"

"வந்ததுமே பாத்தேன் தம்பி."

"அப்போ ஏன் சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு நின்னேன்."

தம்பி இறங்கி, அண்ணனைத் தேடி நடந்தான்.