ஒரு தலை கொசுறு

மௌனத்தின் விலை தலைக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். மதியச் சாப்பாடு, மோர், கால்வலித் தைலம் உட்பட. குழந்தைகளுக்குப் பாதி விலை என்றும் நோட்டீஸில் போட்டிருந்தது. ஆனால் அந்த வயதில் யாரும் மௌனத்தை விலைக்கு வாங்க வருவதில்லை.

விலையை நிர்ணயித்தவர் போடி பொன்னுராஜ். முப்பது வருஷம் ஏலக்காய்த் தரகு பார்த்தவர். காயை ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோனாரென்றால் எந்த மலைத் தோட்டம், எத்தனையாவது பறிப்பு என்று சொல்லிவிடுவார். ஏலம் கம்ப்யூட்டருக்குப் போனதும் அந்த மூக்குக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஐம்பத்தெட்டு வயதில், தேய்ந்துபோன இடது முட்டியோடு, காமயகவுண்டன்பட்டிக்கு மேலே திராட்சைத் தோட்டங்கள் முடிகிற இடத்தில் நாற்பது ஏக்கர் பட்டாக் காடு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தார். மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து நடக்க ஆசைப்பட்டு வருகிறவர்களை உள்ளே கூட்டிப்போய், நடக்க முடியாமல் வெளியே கூட்டிவருவது இப்போதைய தொழில்.

அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வேன் வந்து நின்றபோதே அவருக்கு அலுப்பாக இருந்தது. முட்டி இரவெல்லாம் தூங்கவிடவில்லை. சமையலுக்கு வருகிற ஆள் வரவில்லை. அதனால் அவர் மனைவி சொர்ணலதாவே புளியோதரைத் தூக்கோடு கிளம்பி வந்திருந்தாள்.

"உன்னால நடக்க முடியாது சொர்ணம். வேன்லயே இரு."

"கல்யாணமாகி முப்பத்தோரு வருசத்துல சேந்து நடந்தது சர்ச்சுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான். இன்னைக்கு வர்றேன். ஏன், எனக்கும் டிக்கெட் போடுவீகளோ?"

அவர் சிரித்துக்கொண்டார். அவள் வந்தது அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

காட்டு வாயிலில் முழங்கால் உயரத்துக்குத் தட்டையாக ஒரு பாறை கிடக்கும். உள்ளே போகிற ஒவ்வொருவரும் அதன்மேல் ஒரு கல்லை வைக்க வேண்டும்; வெளியே வரும்போது தன் கல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்துக் காவல்காரி மூக்கம்மாள், படல் கம்பில் கரியால் தலைக்கொரு கோடு இழுத்துவைப்பாள். ஒருவர் கல்லை எடுக்க எடுக்க ஒரு கோட்டை அழிப்பாள். எல்லாம் அழிந்தால்தான் முள்படலைச் சாத்துவாள். பொன்னுராஜுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அடுத்தவர் கடைவாசலில் செருப்பைக் கழற்றுகிற மரியாதை தெரிந்தவர். வெள்ளையில் சிவப்பு நரம்பு ஓடிய வெங்கச்சங்கல் ஒன்றை அதற்கென்றே சட்டைப்பையில் வைத்திருப்பார்.

மூக்கம்மாளிடம் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பாறைக்குப் பக்கத்தில் விலை பேசக் கூடாது.

பேசினார்கள்.

"பத்துப் பேர் வந்திருக்கோம் அண்ணாச்சி, தலைக்கு ஆயிரம்னு முடிச்சுக்கோங்க" என்றாள் யுவராணி. திண்டுக்கல்லில் பேங்க் அதிகாரி. அந்தக் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு வந்தவள்.

"ஆயிரத்துக்கு இந்த மரத்தடியில உக்காந்துட்டுப் போகலாம்மா. நடக்கணும்னா ஆயிரத்து இருநூறு."

"ஏய்யா, விலைப்பேச்சை ரோட்டுலயே முடிச்சுட்டு வரக்கூடாதா?" என்று சிடுசிடுத்தாள் மூக்கம்மாள். "எத்தன தடவ சொல்றது? இங்கன நிக்கிறதுக்கும் காது இருக்கு."

"வாங்குறது விக்கிறது இல்லாத இடம் சர்ச்சு ஒண்ணுதான் மூக்கம்மா. அங்கயும் அறுப்புப் பண்டிகைக்குப் பூசணிக்காய ஏலம் விடுறாக."

எல்லோரும் சிரித்தார்கள். மூக்கம்மாள் சிரிக்கவில்லை.

யுவராணி பணத்தை எண்ணிக் கொடுத்தாள். பொன்னுராஜ் காட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாறையில் ரசீதுப் புத்தகத்தை வைத்துக் குனிந்து எழுதினார். ஒன்பது ரசீது கிழித்தாயிற்று. பத்தாவதை எழுதும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. தொண்டையில் தூசி அடைத்த மாதிரி ஒரு குரல்.

"ஒரு தலை கொசுறு விடக் கூடாதா?"

முப்பது வருஷப் பழக்கம். தும்மலுக்குக் கை மூக்குக்குப் போவது மாதிரி வாய் தானாகவே சொல்லிற்று.

"சரி, விட்டேன். போ."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு பேரும் பாறையில் கல்லை வைத்துவிட்டு நடந்தார்கள். உசிலை, ஆத்தி, கடுக்காய் மரங்கள். கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சையாய்க் கிடந்தது: தென்னை, நெல், பந்தல் பந்தலாகத் திராட்சை. வந்தவர்கள் மௌனத்தை வாங்கிவிட்டு வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போனார்கள். சொர்ணலதா பத்தடிக்கொரு தரம் நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இதுக்குப் போயா காசு குடுக்குறாக?" என்று கிசுகிசுத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு வறண்ட ஓடையை எட்டினார்கள். பொன்னுராஜ் நீலத் தொப்பியைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு, முட்டிக்குத் தைலம் தேய்த்தார். அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஏம்மா, ஒரு ஆளு கொசுறு கேட்டீகளே. அந்த ஆளு வரவே இல்லையா?"

யுவராணி விழித்தாள். "நான் எங்க அண்ணாச்சி கேட்டேன்? பத்துப் பேருக்குத்தான் பேசினேன்."

"உங்க ஆளுல யாரோ கேட்டாக. ஆம்பளைக் குரல்."

"எங்களோட வந்தது எல்லாமே பொம்பளைங்கதானே அண்ணாச்சி!"

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஆமாம். பத்தும் பெண்கள்.

ஓடையில் அதுவரை கத்திக்கொண்டிருந்த செம்போத்து நின்றுபோயிற்று. உச்சி வெயிலில் மரங்களின் நிழல் காலடிக்குள் சுருண்டு கிடந்தது. இலை அசையவில்லை. காற்று ஓயாத கம்பம் பள்ளத்தாக்கில், ஆவணி மாதத்தில், காற்று இல்லை.

ஏலக்காய் வாசம் வந்தது.

இந்தக் காட்டில் ஏலச்செடி ஒன்று கிடையாது. இருந்தாலும் அந்த மூக்கு ஏமாறாது. அவருடைய சட்டையில், தலையணையில், முப்பது வருஷமாக ஊறியிருக்கிற வாசம் அது. கூடவே தைல வாசமும். இரண்டும் அவர் மேலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து வந்தன.

அலுத்துப்போன மூளை வியாபாரியின் கணக்கில் ஓடிற்று. விட்டேன் என்று சொல்லியாயிற்று. ஒரு தலை. காசு கொடுத்து ரசீது வாங்கிய தலையை யாரும் கொசுறாக எடுக்க முடியாது. ரசீது இல்லாமல் காட்டுக்குள் நிற்பது இரண்டு பேர்தான். ஒன்று அவர். இன்னொன்று, ஓடைக் கல்லில் உட்கார்ந்து புளியோதரையைப் பத்து இலையில் பங்கு வைத்துக்கொண்டிருக்கிற சொர்ணலதா.

அவருக்கு வியர்த்தது. ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். கடைசியாக ஒரே ஒரு தாள் மிச்சமிருந்தது.

'சொர்ணலதா, ஒரு நபர், ரூபாய் ஆயிரத்து இருநூறு' என்று எழுதினார். தன் பையிலிருந்து பணத்தை எடுத்து, வசூல் வைத்திருந்த பைக்குள் போட்டார். ரசீதை அவள் கையில் திணித்தார்.

"நெசமாவே டிக்கெட் போட்டுட்டீகளா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இந்தப் பிழைப்புக்கு என்னயக் கட்டாமலே இருந்திருக்கலாம்."

"ரவிக்கைக்குள்ள வையி. வெளிய போற வரைக்கும் எடுக்காத."

"என்னங்க ஆச்சு? முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு?"

"முட்டி வலி. சாப்பிட்டுக் கிளம்பச் சொல்லு."

கிளையில் தொப்பி இல்லை. மந்தி எடுத்திருக்கும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டார். மந்தி ஒன்றும் கண்ணில் படவில்லை.

திரும்பும்போது எல்லோரையும் முன்னால் விட்டார். சொர்ணலதாவை வரிசையின் நடுவில் விட்டார். கடைசி ஆளாகத் தான் நடந்தார். பாதையில் அவருடைய காலடி: ஒரு பலத்த அடி, ஒரு இழுத்த அடி.

பின்னாலும் கேட்டது.

ஒரு பலத்த அடி. ஒரு இழுத்த அடி.

நின்றார். அதுவும் நின்றது.

"என்ன வேணும்?" என்று கேட்டார், திரும்பாமல். "பேசித் தீத்துக்கலாம்."

மூச்சுதான் கேட்டது. ஏறி வந்தவன் விடுகிற, களைத்த, வயதான மூச்சு. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டபோது அதுவும் நின்றது.

நெஞ்சுக்குள் பைபிள் சங்கீதம் ஒன்றை ஆரம்பித்தார். இரண்டாம் வரிக்கு மேல் வரவில்லை. வந்ததெல்லாம் வேறொரு நினைப்பு. இத்தனை நாள் கடைவீதியில் இருந்தும் இவ்வளவு தாமதமாகவா இது உறைக்க வேண்டும்? கொசுறு என்பது வாங்கினவன் பையிலிருந்து எடுப்பதில்லை.

கொசுறு எப்போதும் கடைக்காரன் கையிலிருந்துதான் போகும்.

இடது தோளை உரசிக்கொண்டு ஏதோ முன்னால் போயிற்று. பார்க்க ஒன்றும் இல்லை. ஏலக்காய் வாசமும் தைல வாசமும் அவரைத் தாண்டி, பாதையின் வளைவில் திரும்பி, முன்னே நடந்தன. ஒரு பலத்த அடி. ஒரு இழுத்த அடி. முன்னால் போன பெண்களின் பேச்சுச் சத்தத்தோடு அது போய்ச் சேர்ந்தது. யாரோ ஏதோ சொன்னார்கள். சொர்ணலதா சிரிப்பது கேட்டது.

அவர் ஓடினார். முட்டி ஓடவிட்ட அளவுக்கு ஓடினார்.

பாறைக்கு வந்து சேர்ந்தபோது அதன்மேல் கல் ஒன்றும் இல்லை.

தடவிப் பார்த்தார். வெயிலில் சுட்டது. கீழே, சுற்றிலும், புல்லுக்குள் எல்லாம் தேடினார். சிவப்பு நரம்பு ஓடிய வெங்கச்சங்கல் எங்கேயும் இல்லை.

திராட்சைப் பந்தலோரம் வேன் நின்றது. பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். வேன் கதவருகே சொர்ணலதா ஒரு ஆளுக்கு மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த ஆள் முதுகைக் காட்டி நின்றான். நீலத் தொப்பி. இடது காலைச் சற்றுத் தூக்கி, கனத்தை வலது காலில் போட்டு நின்ற விதத்தை, போடிக் கடைவீதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

"சொர்ணம்!"

அவள் திரும்பினாள். நேராக அவரைப் பார்த்தாள். அவர் நிற்கிற இடத்தைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் இருக்கிற மரத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, காட்டுக்குள்ள யாரோ எம்பேரச் சொன்ன மாதிரி இல்ல?"

அந்த ஆள் மோரைக் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து உதறினான். பொன்னுராஜ் அப்படித்தான் உதறுவார்.

"இங்கன அப்படித்தான் கேக்கும்" என்றது அவருடைய குரல். "ஏறு, நேரமாச்சு."

பொன்னுராஜ் பாறையைத் தாண்டிக் காலை வைத்தார். வைத்த கால் பாறைக்கு இந்தப் பக்கமே இறங்கியது. இன்னொரு தரம் வைத்தார். இந்தப் பக்கமே இறங்கியது.

"ஆயிரத்து இருநூறு!" என்று கத்தினார். "ரெண்டாயிரம்! பத்தாயிரம்! போடி வீட்டை எழுதித் தர்றேன்!"

வாழ்நாளில் முதல் தடவையாக, அவர் சொன்ன விலைக்கு எதிர்விலை வரவில்லை.

வேன் கிளம்பிப் போயிற்று. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சொர்ணலதா, வளைவு திரும்புகிற வரைக்கும் காட்டையே பார்த்துக்கொண்டு போனாள்.

மூக்கம்மாள் வந்தாள். அவர் முகத்துக்கு இரண்டடி தூரத்தில் நின்று பாறையைக் கையால் துடைத்தாள். ஒரு நொடி மூக்கை உறிஞ்சி, எதையோ மோந்து பார்த்தாள். தலையை ஆட்டிக்கொண்டு படலை இழுத்துச் சாத்தினாள். கரிக்கோடு எல்லாம் அழிந்திருந்த கம்பைத் தொட்டு, காட்டைப் பார்த்து ஒப்பித்தாள்.

"வச்சது பன்னெண்டு. எடுத்தது பன்னெண்டு. பாக்கி ஒண்ணும் இல்ல சாமி."