ஊருக்குப் போனவளின் தட்டு

இருபத்தொன்பது வருஷத்தில் அந்த வீட்டில் சனாயேவுக்காக யாரும் சோறு எடுத்து வைத்ததில்லை. அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம், கடையில் மீன் வெட்டிய கையோடு திரும்பி, பூட்ஸில் ஒட்டிய அழுக்குப் பனியை வாசலில் தட்டிவிட்டு உள்ளே வந்தவள், சமையலறை மேஜையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அவள் இடத்தில் ஒரு சின்னச் சிவப்புத் தட்டு. அதில் மூடி போட்ட கிண்ணத்தில் சூப், ஒரு கிண்ணம் சோறு, வேகவைத்த முள்ளங்கி, இரண்டு துண்டு ஊறுகாய், ஓரத்தில் அவளுடைய சாப்பாட்டுக் குச்சிகள். எதிரே அவள் கணவன் யசுஹிரோவும் அவனுடைய அக்கா தொகுகோவும் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கா?" என்றாள். கேட்கவே கூச்சமாக இருந்தது.

"ஊருக்குப் போனவளுக்கு," என்றாள் தொகுகோ, தம்பியைப் பார்த்து.

வீட்டு மனிதர் யாராவது வெளியூர் போனால், வழியில் பசி தெரியாமல் பத்திரமாகத் திரும்பட்டும் என்று அவர் இடத்தில் சோறு வைப்பது தொகுகோவின் வழக்கம். யசுஹிரோ இரண்டு வருஷம் வடக்கே வேலைக்குப் போயிருந்தபோது ஒருநாள் தவறவில்லை. ஆறிய பிறகு வீட்டில் இருப்பவர்கள் அதைப் பங்குபோட்டுக்கொள்வார்கள். ஆனால் அதெல்லாம் போனவர்களுக்கு. சனாயே எங்கே போனாள்? இதோ, கானாங்கெளுத்தி நாற்றத்தோடு குத்துக்கல் மாதிரி நிற்கிறாள்.

"அக்கா, நான் கெளம்ப இன்னும் நாலு நாள் இருக்கு."

தொகுகோ ஊறுகாயைக் கறுக் முறுக்கென்று கடித்தாள். யசுஹிரோ செய்தித்தாளைத் திருப்பினான்.

எல்லாம் முந்தின நாள் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இதே மேஜைமேல் சனாயே தன் காகிதங்களைப் பரப்பியிருந்தாள். எந்த ஊரில் எந்தத் தேதியில் செர்ரி பூக்கும் என்ற வரைபடம், ரயில் நேரங்கள், விடுதிகள். தெற்கே ஃபுகுஓகாவில் இரண்டு ராத்திரி, ஹிரோஷிமாவில் இரண்டு, கியோத்தோவில் மூன்று. பூ தெற்கிலிருந்து வடக்கே நடந்து வரும். அதன் கூடவே தானும் நடந்து வருவதுபோல் போட்டிருந்தாள். விரிந்தால் ஒரு வாரம், அவ்வளவுதான், ஒரு மழை வந்தால் அதுவும் இல்லை. கல்யாணமான வருஷத்திலிருந்து ஒவ்வொரு மார்ச்சிலும் இப்படி எழுதுவாள். மாமியார் படுக்கையில் விழுந்தாள், யசுஹிரோவுக்கு மாற்றல் வந்தது, பனியில் கூரை இறங்கியது, தொகுகோவின் முட்டி வீங்கியது. அடுத்த வருஷம் பார்க்கலாம், அடுத்த வருஷம் பார்க்கலாம். இந்த வருஷம் அவளுக்கு ஐம்பத்தாறு. யாரையும் கேட்காமல் டிக்கெட் எடுத்துவிட்டாள்.

"யார் சமைப்பா?" என்றான் யசுஹிரோ.

"உங்க ரெண்டு பேருக்கும் சேத்து நாலு கை இருக்கு."

"இந்த வயசுல பூ பாக்கணுமாம், பூ," என்றாள் தொகுகோ. "நம்ம ஆத்தங்கரையில பூக்காததா? ஏப்ரல்ல எட்டிப் பாத்தா ஆச்சு."

"அதைத்தான் இத்தனை வருஷமா மீன்கடை ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டிருக்கேன், அக்கா. இந்தத் தடவை போயே தீருவேன்."

யசுஹிரோ பல் குத்தியபடி, "போறதுன்னா போ. இப்பவே போயிட்டதா நெனச்சுக்கறோம்," என்றான்.

அதற்குத்தான் இந்தத் தட்டு என்று சனாயே முடிவு கட்டினாள். வேண்டுமென்றே செய்கிற குசும்பு. நின்றபடியே பாத்திரத்தில் மிச்சம் இருந்ததை அள்ளிப் போட்டுச் சாப்பிட்டாள். செவ்வாய்க்கிழமையும் தட்டு இருந்தது. அன்று அவளோடு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பது அந்த வீட்டில் புதிதில்லை. ஆனால் குளியலறைக்குள் அவள் இருக்கும்போதே தொகுகோ விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

புதன்கிழமை அவளுக்குக் கடையில் கடைசி நாள், மறுநாளிலிருந்து லீவு. வீட்டுக்கு வந்தால் மறுபடி அதே சிவப்புத் தட்டு. மூடியின் இடுக்கில் ஆவி கசிந்துகொண்டிருந்தது. அடுப்பு எண்ணெயின் வாடை, ஈரக் கம்பளியின் வாடை, அதற்கடியில் உப்பில் ஊறப்போட்ட செர்ரிப் பூவின் மெல்லிய புளித்த வாசனை. பாத்திரத்தில் பார்த்தாள். சொட்டுச் சோறு மிச்சமில்லை. இருபத்தொன்பது வருஷம் பொங்கிப் போட்டவளுக்கு வீட்டில் ஒரு வாய் சோறில்லை, இல்லாதவளுக்கு விருந்து! நாற்காலியைச் சர்ரென்று இழுத்து உட்கார்ந்தாள். மூடியைத் திறந்தாள். ஊருக்குப் போனவளுக்கு வைத்ததை ஊருக்குப் போகிறவளே தின்பதில்லை. யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை, அது அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் தின்றாள். ஆவி பறந்த சூப் நாக்கில் ஐஸாக இருந்தது. சோற்றில் ருசியே இல்லை. காகிதத்தை மெல்வது போல் இருந்தது. ஒரு பருக்கை விடாமல் வழித்துத் தின்றுவிட்டு நிமிர்ந்தாள்.

இரண்டு பேரும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தில் கோபமில்லை. ஒரு வேலை முடிந்த நிம்மதி இருந்தது.

வியாழக்கிழமை பெட்டி அடுக்கினாள். வாசல் கொக்கியில் புது வெளிர்நிறக் கோட்டை மாட்டினாள். மத்தியானம் பக்கத்து வீட்டுக் குபோதா அம்மாள் தெருவில் வீடு வீடாகச் சுற்றும் அறிக்கைப் பலகையைக் கொண்டுவந்தாள். கதவைத் திறந்தது சனாயேதான். குபோதா அம்மாள் அவள் தோளைத் தாண்டி உள்ளே குரல் கொடுத்தாள்.

"தொகுகோ, இருக்கீங்களா? சனாயே பூ பாக்கக் கெளம்பியாச்சா?"

"போயாச்சு, போயாச்சு," என்று உள்ளிருந்து பதில் வந்தது. "குடுத்து வெச்ச மகராசி."

"நாளைக்குத்தான் போறேன்!" என்றாள் சனாயே. "குபோதா அம்மா, என் மூஞ்சியப் பாருங்க. இங்கதானே நிக்கிறேன்!"

குபோதா அம்மாள் பலகையைச் செருப்பு அலமாரிமேல் வைத்தாள். அதற்கு சனாயேவைச் சுற்றிக்கொண்டு கை நீட்ட வேண்டியிருந்தது. நீட்டினாள். அவள் சட்டை நுனிகூடத் தன்மேல் பட்டுவிடாதபடி, வெகு ஜாக்கிரதையாக.

அந்த ஜாக்கிரதையை நினைத்து நினைத்தே சனாயேவுக்கு அன்று தூக்கம் வரவில்லை. விடிகிற நேரத்தில் கண் அசந்திருக்க வேண்டும். எழுந்தபோது மணி ஒன்பது. வாசலில் பெட்டி இல்லை. கோட்டு இல்லை. செருப்பு அலமாரியில் அவளுடைய ஒரு ஜோடிகூட இல்லை. டிக்கெட்டும் பணமும் போனும் வைத்திருந்த கைப்பையும் இல்லை.

"எங்கடி வெச்சே?" மரியாதையெல்லாம் பறந்தது. நாத்தனாரின் அறைக்குள் புகுந்து அலமாரிகளைக் கவிழ்த்தாள். கற்பூர உருண்டை வாடை முகத்தில் அடித்தது. தொகுகோ சன்னல் பக்கம் உட்கார்ந்து சாக்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். சனாயே சமையலறைக்கு ஓடி ஒரு பீங்கான் தட்டை எடுத்துத் தரையில் அடித்தாள். இன்னொன்று. இன்னொன்று. தொகுகோ மெதுவாக வந்து, துடைப்பத்தால் சில்லுகளைக் கூட்டினாள். சனாயேவின் பாதத்தைச் சுற்றிக்கொண்டு கூட்டினாள்.

சாயங்காலம் வீட்டு போனில் ஃபுகுஓகா விடுதியைக் கூப்பிட்டாள். இன்று வர முடியாது, நாளை வருகிறேன் என்று சொல்லி வைக்கலாம் என்று.

"அந்தப் பேர்ல இருக்கவங்க மத்தியானமே வந்துட்டாங்களே," என்றாள் விடுதிப் பெண், பணிவாக. "இப்ப குளிக்கப் போயிருக்காங்க. ஏதாச்சும் சொல்லணுங்களா?"

சனாயே போனை வைத்துவிட்டாள்.

ஏழு மணிக்கு அது அடித்தது. யசுஹிரோ எழுந்து போய் எடுத்தான். போனுக்கு எழுந்திருக்கிற ஆளே இல்லை அவன். "ஆங், சொல்லு," என்றான், சிரித்துக்கொண்டே. அந்தப் பக்கத்துக் குரல் அறை முழுக்கக் கேட்டது. சனாயேவின் குரல். மீன்கடையில் கத்திக் கத்திக் கரகரத்ததற்கு முன்னால், இருபத்தேழு வயதில் அவளுக்கு இருந்த குரல்.

"இங்க பழைய கோட்டையோட வாசல்ல அப்படிப் பூத்திருக்குங்க. தலையெல்லாம் இதழ்."

"கால் வலிக்கலையே? சாப்பிட்டியா? ராத்திரி குளிரும், போத்திக்க."

சனாயேவுக்குப் பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வயிற்றெரிச்சல். கால் வலிக்கிறதா என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், பன்னிரண்டு மணி நேரம் ஐஸ் தண்ணீரில் நின்றுவிட்டு வந்தவளை அவன் கேட்டதுண்டா? போனைப் பிடுங்கப் பாய்ந்தாள். அவன் சாவகாசமாகத் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

தினமும் ஏழு மணிக்குப் போன் வந்தது. ஹிரோஷிமாவில் ஆற்றோரம் பாய் விரித்துச் சாப்பிட்டாளாம். கியோத்தோவில் வாய்க்கால் தெரியாமல் இதழ் மிதந்ததாம். சனாயே எழுதிவைத்த வரிசை, சனாயே எழுதிவைத்த தேதி, ஒரு நாள் பிசகவில்லை. சனாயே தெருவில் இறங்கி, வெறும் காலோடு காவல் சாவடி வரை போய்ப் பார்த்தாள். கான்ஸ்டபிள் தன் டீயைக் கையில் எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்விட்டான். பசியும் எடுக்கவில்லை அவளுக்கு. கத்தினாள். சுவரை அடித்தாள். மற்ற நேரமெல்லாம் சமையலறை மூலையில் நின்றாள். உட்கார இடம் விடவில்லை அவர்கள்.

ஏழாவது சாயங்காலம். ஏழு மணி. போன்.

"ஆங், சொல்லு," என்றான் யசுஹிரோ.

அந்த இளங்குரல் தணிந்து கேட்டது. "அவ இன்னும் அங்கதான் இருக்காளா?"

யசுஹிரோ திரும்பினான். ஒரு வாரத்தில் முதல் தடவை. நேராக அவள் கண்ணுக்குள் பார்த்தான்.

"இருக்கா," என்றான். "மூலையில நிக்கிறா."

தெரிகிறது. அவனுக்குத் தெரிகிறது. இத்தனை நாளும் தெரிந்தது.

"நாளைக்கு நான் வந்துடுவேன்ல?"

"வா, வா. இடம் பண்ணி வெச்சுடறோம்."

தொகுகோ அதற்குள் மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியைத் திறந்திருந்தாள். கீழ்த் தட்டில் இருந்த மெத்தைகளை வெளியே இழுத்துப் போட்டாள். திரும்பி சனாயேவை உச்சி முதல் பாதம் வரை அளந்தாள்.

"முட்டிய மடக்கினா பத்தும்."

ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். சூடான கைகள். மனிதக் கைகள். அவள் கடித்தாள். உதைத்தாள். யாரும் கோபப்படவில்லை. கனமான சாமானைத் தூக்கும்போது விடுகிற மூச்சு மட்டும் கேட்டது. கதவு நகர்ந்து மூடியது. குறுக்கே ஒரு கட்டை விழுந்தது.

விரல் அகலத்துக்கு ஒரு இடுக்கு. இருட்டு. பழைய மெத்தை வாடை. விடிந்தது தெரிந்தது. மத்தியானம் ஆனது தெரிந்தது.

வாசல் கதவு.

"வந்துட்டேன்."

"வந்துட்டியா! வா, வா." யசுஹிரோவின் காலடி ஓடியது. பெட்டியை அவனே வாங்கினான். இடுக்கில் வெளிர்நிறக் கோட்டு நகர்ந்தது. கூந்தலில் ஒட்டிய இதழ்கள். சனாயேவின் நாற்காலி இழுபடும் சத்தம். டீ ஊற்றும் சத்தம், ஊற்றியது அவன். தின்பண்டப் பொட்டலங்கள் பிரிந்தன. நாத்தனார் சிரித்தாள், வாய் விட்டு. அந்த வீட்டில் அப்படிச் சிரிப்பாளா அவள்?

"அடுத்த வருஷம் நானும் வர்றேன்," என்றான் யசுஹிரோ. "ரெண்டு பேரும் சேந்தே போலாம். இன்னும் வடக்கே, ஹிரோசாகி வரைக்கும்."

சனாயே கத்தினாள். அடிவயிற்றிலிருந்து, இருபத்தொன்பது வருஷத்தையும் சேர்த்து. கதவை நெற்றியால் முட்டினாள். கட்டை அதிர்ந்தது. மேஜைமேல் டீக் கோப்பைகள் கிணுகிணுத்தன. மூன்று பேரின் கைகளும் ஒரு கணம் நின்றன.

கோட்டுக்காரி திரும்பவில்லை. ஒரு பண்டத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"டிவிய கொஞ்சம் கூட்டி வைங்க," என்றாள்.

யசுஹிரோ ரிமோட்டை எடுத்துக் கூட்டினான். காது கொடுத்துக் கேட்டான். இன்னும் கொஞ்சம் கூட்டினான்.