எட்டு மணி நேரம் தூங்கியவர்

உண்மை என்பது ஒன்றே. அதற்குத் தேதி உண்டு, நேரம் உண்டு, கையெழுத்து உண்டு, மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு. இருபத்தாறு வருடமாக இந்தத் தத்துவத்தை உலகுக்கு வழங்கிவந்த வருகைப் பதிவேட்டுக் கண்காணிப்பாளர், மேலதிகாரிகள் கூட்டத்திலும் அதையே முழங்கிக்கொண்டிருந்தபோது வாக்கியத்தின் நடுவில் தூங்கிப்போனார். குறட்டையை மைக் கடைசி வரிசை வரை கொண்டுசேர்த்தது.

அதன் பிறகுதான் தூக்கப் பரிசோதனை. தலையிலும் மார்பிலும் ஒயர்களை ஒட்டி ஒரு ராத்திரி மருத்துவமனையில் படுக்கவைத்தார்கள். மணிக்கு ஐம்பத்திரண்டு தடவை மூச்சு நிற்கிறது என்றார் டாக்டர்.

"நான் குறட்டையே விடறதில்ல டாக்டர்."

டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பிக் காட்டினார். தேதி, நேரம், கையெழுத்து எல்லாம் இருந்தன.

"எத்தனை ராத்திரி மூச்சு நின்னுபோய் உங்களை உலுக்கி எழுப்பியிருக்கேன்," என்றாள் மனைவி. "ஒரு நாளாவது நம்பினீங்களா? என்னால முடியலன்னுதானே அடுத்த ரூமுக்குப் போனேன்."

போய்ப் பதினொரு வருடம் ஆகியிருந்தது.

வைத்தியம் எளிது. கட்டிலுக்குப் பக்கத்தில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு மெஷின்; அதிலிருந்து ஒரு குழாய்; குழாயின் முனையில் மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க். தொண்டை மூடிக்கொள்ளாதபடி ராத்திரி முழுக்கக் காற்றைத் தள்ளும். "எவ்வளவு நேரம் போட்டீங்கன்னு எல்லாம் பதிவாகும்," என்றார் டாக்டர். பதிவு என்ற சொல் அவருக்கு இதமாக இருந்தது. ஆனால் அவர் சம்மதித்தது அதற்காக அல்ல. "சத்தம் இல்லன்னா நானும் இங்கயே வந்து படுத்துக்கறேன்," என்று மனைவி சொல்லியிருந்தாள். அதற்காக அவர் யானையின் துதிக்கையைக்கூட மாட்டிக்கொள்வார்.

"அப்படித்தான் இருக்கீங்க," என்று முதல் ராத்திரி சிரித்தாள் அவள். தலையணையோடு வந்து பக்கத்தில் படுத்தாள்.

இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. மாஸ்க்கில் புதுச் செருப்பின் ரப்பர் வாசனை; முகம் தெரியாத யாரோ வாயோடு வாய் வைத்து ஊதுவதுபோல் காற்று. தாங்க முடியவில்லை. மாஸ்க்கைக் கழற்றி, மெஷினை அணைத்து, பூனைபோல் ஹாலுக்குப் போய் சோபாவில் உட்கார்ந்தார். ஐந்து மணிக்குத் திரும்பி, மனைவி எழுமுன் மாஸ்க்கை மாட்டிக்கொண்டார். வராதவன் பேரில் வந்தவன் கையெழுத்துப் போடுவதைக் கண்டுபிடித்து எத்தனையோ பேரைக் கதறவைத்தவர் அவர்.

காலையில் மெஷினின் திரையில் எட்டு மணி பத்து நிமிடம் என்று இருந்தது. பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்று.

ஏதோ கோளாறு என்று சொல்ல வாயெடுத்தார்.

"இப்படி நிம்மதியா நான் தூங்கி எத்தனை வருஷமாச்சு," என்றாள் மனைவி. "உங்க மூச்சு ராத்திரி பூரா ஒரே சீரா வந்துது. தாலாட்டு மாதிரி."

வாயெடுத்ததை உள்ளேயே போட்டுக்கொண்டார். தனக்குச் சாதகமான பதிவைத் திருத்தும் பழக்கம் எந்த அலுவலகத்திலும் இல்லை.

அடுத்த இரண்டு ராத்திரியும் அதேபோல் சோபா. அதேபோல் எட்டு மணி. மூன்றாம் நாள் மெஷின் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"பிரமாதம் சார்! மூச்சு ஒரு தடவைகூட நிக்கல. மாஸ்க் ஒரு நிமிஷம்கூட விலகல."

"நடுவுல நான் எழுந்து போனேனே, அம்மா."

"பதிவுல இல்லையே சார்."

பேருந்து கவிழ்ந்து கட்டுப்போட்ட தலையோடு வந்தவனிடம்கூட அவர் சொல்லியிருந்த வாக்கியம் அது. இப்போதுதான் அதன் குளிர் தெரிந்தது.

நான்காம் ராத்திரி அவர் மெஷினை அணைப்பதோடு விடவில்லை. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, மெஷினின் பின்புறத்திலிருந்து ஒயரையும் உருவி, சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார். சோபாவின் ரெக்சின் முதுகில் ஒட்டியது. தெருவிளக்கின் வெளிச்சம் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீட்டி வைத்திருந்தது. சமையலறையில் பிரிஜ் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தது, குழாய் எங்கோ சொட்டியது, கடிகாரம் தன் கடமையைச் செய்தது. பிறகு பிரிஜ் நின்றது. அது மறைத்து வைத்திருந்த சத்தம் கேட்டது.

உள்ளே. வெளியே. உள்ளே. வெளியே.

படுக்கையறையிலிருந்து.

மனைவியின் மூச்சு அவருக்குத் தெரியும். இது அதைவிடப் பெரியது. மெஷினின் குழாய்க்குள்ளிருந்து வருவது. ஒயரை இறுக்கிப் பிடித்தார். அது கையில்தான் இருந்தது.

எழுந்தார். கதவு பாதி திறந்திருந்தது. ரப்பர் வாசனை.

மெஷினின் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது.

கட்டிலில் அவர் படுக்கும் பக்கத்தில் ஒருவர் படுத்திருந்தார். ஒருக்களித்து. பின்மண்டையைச் சுற்றி மாஸ்க்கின் பட்டை. பட்டைக்கு மேலே ஒரு வழுக்கை வட்டம். முடிவெட்டும் கடையில், பின்னால் காட்டும் கண்ணாடியில் மட்டுமே அவர் பார்த்திருந்த வட்டம்.

மனைவியின் கை அந்த முதுகின் மேல் இருந்தது.

"யா... யாரது?"

"ஷ்ஷ்." அவள் கண்ணைத் திறக்கவில்லை. "சத்தம் போடாதீங்க. அவர் தூங்கறார்."

"நான்... நான் இங்க இருக்கேன்."

அவள் கண்ணைத் திறந்தாள். அவரை நேராகப் பார்த்தாள். அடையாளம் தெரியாத பார்வை அல்ல அது. அப்படி இருந்திருந்தால் தேவலை.

"தெரியும்," என்றாள். "முதல் நாளே தெரியும்."

பட்டை கட்டிய தலை மெதுவாக அசைந்தது. ஒரு கை பின்னால் வந்து அவள் கையைப் பற்றிக்கொண்டது. அவர் மோதிரம். அவர் நகம்.

"கதவைச் சாத்திட்டுப் போங்க."

சாத்தினார். தாழ்ப்பாள் சத்தம் கேட்காதபடி, விரல் வைத்து, மெதுவாக.

சோபாவில் படுத்தார். கையில் ஒயர். கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு. உள்ளே. வெளியே. ஒரு தடவைகூட நிற்காமல்.

இனி அவருக்கு மூச்சு நின்றால் உலுக்க ஆள் இல்லை. தூங்கக் கூடாது. விடியும்வரை தூங்கக் கூடாது. கண்ணை மூடவே கூடாது.

பத்து நிமிடத்தில் குறட்டை விட்டார்.