வேணாம் என்றொரு பூனை

அந்த வீட்டில் அப்பாவுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. அம்மா சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை வைத்துத் துணி தைப்பார். மகளுக்குப் பத்து வயது. ஆள் கொஞ்சம் பொடிசு, அதனால் வீட்டில் அவளைச் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவார்கள்.

பூனையின் பேர் வேணாம்.

ஆமாம், பேரே அதுதான். நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், சுண்டெலி அந்தக் குட்டியைப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக் கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அம்மா வாயில் ஒரே வார்த்தைதான். "மெஷின் மேல வேணாம். நூல்கண்டு வேணாம். என் செருப்புக்குள்ள வேணாம்."

ஒரே வாரம். யார் "வேணாம்" என்றாலும் குட்டி வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வர ஆரம்பித்தது.

"நீயே பேர் வெச்சுட்ட," என்றார் அப்பா.

பேர் ஒரு பிரச்சினையாக இல்லை. நகம்தான் பிரச்சினை. முன் அறையில் இருக்கும் சோபாவின் வலது கையை வேணாம் கீறிக் கீறி நார் நாராக்கிவிட்டது. அம்மா இரண்டு முறை புதுத் துணி போட்டார். இரண்டு முறையும் கிழித்தது.

அந்த முன் அறையில்தான் அம்மா வேலை செய்வார். வேலை கொடுக்க வருபவர்களும் அங்கேதான் உட்காருவார்கள். ஒருநாள் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார், "சோபா தைக்கிறவங்க வீட்டுச் சோபாவே இப்படியா?" அவர் போன பிறகு அம்மா வெகுநேரம் அந்தக் கிழிசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை சாப்பிடும்போது அம்மா விஷயத்தைச் சொன்னார். "சனிக்கிழமை பல் டாக்டர் வீட்டு நாற்காலி ஆறு வருது. ஒரு வாரம் இங்கதான் இருக்கும். அதுல ஒரு கீறல் விழுந்தாலும் இந்தப் பூனை உங்க மாமா குடோனுக்குப் போயிடும்."

"குடோனுக்கா?"

"அங்க எலி நிறைய இருக்கு. அதுக்கும் சந்தோஷமா இருக்கும்."

சுண்டெலி தட்டைத் தள்ளி வைத்தாள். "அம்மா, எனக்கு வேணாம் வேணும்."

"வேணுமா, வேணாமா? ஒழுங்காச் சொல்லு."

வேறொரு நாளாக இருந்தால் மூவரும் சிரித்திருப்பார்கள்.

அப்பா ஏற்கெனவே ஒன்று செய்து பார்த்திருந்தார். முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டை. அதைச் சுற்றி மிச்சமான வெல்வெட் துணி. பால்கனி மூலையில் வைத்தார். வேணாம் அதை மோந்து பார்த்தது. காலால் தட்டியது. கட்டை ஆடியது. அவ்வளவுதான், மறுபடி அந்தப் பக்கமே போகவில்லை.

"இது எதுக்குத்தான் சோபாவையே கட்டி அழுவுதோ," என்றார் அப்பா.

அதைத்தான் சுண்டெலியும் யோசித்தாள். செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வந்ததும் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டாள். கணக்கு நோட்டு திறந்திருந்தது. கண் மட்டும் பூனை மேல் இருந்தது.

வேணாம் சோபாவில் தூங்கியது. எழுந்தது. முதுகை வில்லாக வளைத்தது. இரண்டே எட்டு, சோபாக் கையின் முன்னால் நின்றது. பின்னங்காலில் நிமிர்ந்து, முன்னங்கால்களை எவ்வளவு மேலே நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, சர்ர் என்று இழுத்தது.

"வேணாம், வேணாம்," என்று சமையலறையிலிருந்து அம்மா கத்தினார்.

"டேய் வேணாம்," என்று முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு அப்பா எட்டிப் பார்த்தார்.

பூனையின் காது இரண்டும் நிமிர்ந்தன. அம்மாவைப் பார்த்தது. அப்பாவைப் பார்த்தது. இன்னும் நாலு இழுப்பு உற்சாகமாக இழுத்தது. பிறகு ஓடிப்போய் அம்மாவின் காலில் உரசியது. அம்மா அதைத் தூக்கி, முகத்துக்கு நேராக வைத்து, "எத்தன தடவ சொல்றது உனக்கு?" என்று திட்டினார். அது கண்ணை மூடி 'குர்குர்' என்றது.

புதன்கிழமையும் இதே கதை. சுண்டெலி மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். தலையில் ஒட்டடை.

"அம்மா, நம்ம திட்டுறோம்னு அதுக்குத் தெரியவே இல்ல. சோபாவக் கீறினா எல்லாரும் பேர் சொல்லிக் கூப்பிடுறோம். ஓடி வந்து தூக்குறோம். நானா இருந்தாலும் கீறுவேன்."

அப்பாவுக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது.

"அப்ப நான் நாலு மாசமா அதக் கொஞ்சிக்கிட்டா இருந்தேன்?" என்றார் அம்மா.

"ஆமாம்மா. அப்புறம் அப்பா வெச்ச கட்டை குட்டையா இருக்கு, ஆடுது. அதுக்கு நிமிர்ந்து நின்னு சோம்பல் முறிக்கணும். அதுவும் தூங்கி எழுந்த இடத்துலயே."

அன்றே வேலை தொடங்கியது. சுண்டெலியின் இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகையை அப்பா அறுத்தார். ஆடாமல் இருக்க அடியில் கனமான கட்டை ஒன்றைத் திருகி மாட்டினார். பழைய சாக்கை இறுக்கிச் சுற்றி அம்மா ஆணி அடித்தார். தொழில்காரர் கை, ஒரு சுருக்கம்கூட இல்லை. பலகையைச் சோபாக் கைக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்கள். சோபாக் கைக்கு வழுவழுப்பான பிளாஸ்டிக் தாள் சுற்றினார்கள்.

"இனிமே சோபாகிட்ட அது பேரச் சொல்லக் கூடாது. பலகையக் கீறினா மட்டும் சொல்லணும், தீனி குடுக்கணும்," என்றாள் சுண்டெலி.

சொல்வது சுலபம். இரவுச் சாப்பாட்டில் அம்மா, "இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்றார். "வேணா..." என்று ஆரம்பித்த அப்பா வாயைப் பொத்திக்கொண்டார். பூனை அதற்குள் வந்து நின்றது.

"போதும்னு சொல்லப் பழகுங்கப்பா."

வியாழக்கிழமை பூனை பிளாஸ்டிக்கைத் தொட்டது, நகம் வழுக்கியது, முகத்தைச் சுளித்தது. வெள்ளிக்கிழமை மாலை சாக்கை ஒரே ஒரு இழுப்பு இழுத்தது. மூன்று பேரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில் அதற்கே வெட்கம் வந்திருக்கும்.

சனிக்கிழமை ஆறு நாற்காலிகள் வந்தன. ஒவ்வொரு நாளும் பள்ளி விட்டு வந்ததும் சுண்டெலி புத்தகப் பையைக்கூட இறக்காமல் நாற்காலிக் கால்களை எண்ணி எண்ணிப் பார்த்தாள். கீறல் இல்லை. ஆனால் புதுத் துணி இன்னும் போடவில்லையே.

அடுத்த சனிக்கிழமை ஆறும் பச்சைத் துணியில் பளபளத்தன. பல் டாக்டர் வந்தார். கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

அப்போதுதான் வேணாம் எழுந்தது. கொட்டாவி விட்டது. நேராக நாற்காலிகளைப் பார்த்து நடந்தது.

சுண்டெலி உதட்டைக் கடித்தாள். அப்பா மூச்சை இழுத்துப் பிடித்தார். அம்மாவின் வாய் திறந்தது, அம்மா சட்டென்று கையிலிருந்த அளவு நாடாவைக் கடித்துக்கொண்டார்.

பூனை முதல் நாற்காலியை மோந்தது. இரண்டாவதைச் சுற்றி வந்தது. பிறகு திரும்பிப் பலகைக்குப் போய், நிமிர்ந்து நின்று, சர்ர் என்று இழுத்தது.

"வேணாம், வேணாம், வேணாம்," என்று மூவரும் ஒரே குரலில் கூவினார்கள்.

அந்த நேரம் பார்த்து நாற்காலியில் உட்காரப் போன டாக்டர், பாதியில் அப்படியே நின்றுவிட்டார். "ஏங்க, பசை இன்னும் காயலையா?"

"ஐயோ, உங்களச் சொல்லல டாக்டர். பூனையக் கூப்பிட்டோம்."

டாக்டர் பூனையைப் பார்த்தார். "இவ்வளவு அழகா வேலை செய்றீங்க. அதுக்கு நல்ல பேரா ஒண்ணு வைக்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து, திருப்தியாகச் சாய்ந்துகொண்டார்.

நாற்காலிகள் வண்டி ஏறிப் போன பிறகு, அம்மா பலகையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாக்கை விரலால் நிமிண்டினார்.

"மேல் பக்கம் தேஞ்சு போச்சு. அடுத்த மாசம் வேற சாக்கு மாட்டணும்."

"அடுத்த மாசமா?" என்றாள் சுண்டெலி.

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்."

அவள் ஓடிப்போய்ச் சோபாவில் பூனைக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்தாள். அதன் காதுக்குள் மெதுவாகச் சொன்னாள், "அடுத்த மாசம்."