இலையின் அடிப்பக்கம்

முதலில் அவள் அதைப் பஞ்சு என்றுதான் நினைத்தாள். அந்த வீட்டில் பஞ்சுக்கா பஞ்சம்? மருத்துவமனை நர்சுகளுக்கான வெள்ளைக் கோட்டுகளைக் கூடத்து மூலையிலேயே மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். கத்தரித்த துணியிலிருந்து பிரியும் பிசிறுகள் மின்விசிறிக் காற்றில் ஏறி, சாப்பாட்டுத் தட்டு, தலையணை, கணவனின் புருவம் என்று இடம் பார்க்காமல் உட்காரும். அன்று காலை ஜன்னலோரத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோது முழங்கை இலையில் பட்டது. வெள்ளையாக ஒரு கொத்து எழுந்தது. காற்றில் கொஞ்ச நேரம் நின்றது. பஞ்சாக இருந்தால் மெல்லத் தரைக்கு இறங்கியிருக்க வேண்டும். இது சுற்றி வந்து, ஒவ்வொன்றாக, கிளம்பிய இடத்துக்கே திரும்பி, இலைகளுக்கு அடியில் நுழைந்துகொண்டது.

செடிகள் அவளுடையவை அல்ல. கணவனுக்குக் காமாலை வந்து அவன் வேலைக்குப் போகாமல் வீட்டோடு கிடக்க ஆரம்பித்ததும், அவனுடைய அக்கா ஒரு ஆட்டோ நிறைய ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போனவை. பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி, உடம்பும் சீக்கிரம் தேறும் என்பது அக்காவின் கட்சி. குரோட்டன், மணி பிளான்ட், பெரிய இலை வைத்த ஒரு செம்பருத்தி, பெயர் தெரியாத இன்னும் சில. ஜன்னலை ஒட்டி அவற்றை வளைத்து வைத்து, நடுவில் சாய்வு நாற்காலியைப் போட்டு, தம்பியை உட்காரவைத்துவிட்டுத்தான் அக்கா கிளம்பினாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். காலில் சக்கரம் கட்டியவன். பத்து மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் நின்றுபோனால் அதைச் சரிசெய்ய மேலே வரை படியேறிப் போகிற ஒரே ஆள் நான்தான் என்று சொல்லிச் சிரிப்பான். சாப்பிடும்போதுகூட ஒரு முழங்கால் ஆடிக்கொண்டிருக்கும். அவன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகி, நகக்கண் மஞ்சளாகி, உள்ளங்கை மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிக்கிறது என்று சொறிந்துகொண்டே இருந்தான்.

அவள் ஒரு செம்பருத்தி இலையைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் கையை உதறினாள்.

மேல்பக்கம் கழுவிவிட்ட மாதிரி பளபளவென்று இருந்த இலை, அடிப்பக்கத்தில் சொறி பிடித்திருந்தது. அரிசி நொய்யைவிடச் சின்னதாக, மாவு பூசிய சிறகுகளோடு, நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. அவற்றுக்கு நடுவே அசையாத வேறொரு கூட்டம்: கண்ணாடிச் செதில் போல, வெளுத்து, தட்டையாக, நரம்பை ஒட்டி வரிசையாக அப்பிக்கிடந்தது. சிலவற்றின் முதுகு பிளந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை, வெறும் கூடு. விரலால் ஒன்றைத் தேய்த்தாள். நசுங்கி ஈரமாக ஒட்டியது. அன்று மதியம் வரை அந்த விரலால் அவள் எதையும் எடுத்துச் சாப்பிடவில்லை.

கணவனிடம் காட்டினாள். அவன் சிரித்தான். வாடகை தராத குடித்தனம் நிறைய இருக்கும் போலிருக்கிறதே என்றான். அப்போது அவனுக்குச் சிரிப்பு இருந்தது.

பிறகுதான் பிசுபிசுப்பை அவள் கவனித்தாள். செடிகளுக்குக் கீழே தரை, சர்க்கரைத் தண்ணீர் சிந்தின மாதிரி உள்ளங்காலைப் பிடித்து இழுத்தது. துடைத்தால் மறுநாள் திரும்ப வந்தது. ஜன்னல் கட்டையில் எறும்பு வரிசை கட்டியது. பிசுபிசுப்பின் மேல் புகை படிந்த மாதிரி கறுப்பாக ஒரு பூஞ்சை ஏறியது. தைத்து மடித்து வைத்திருந்த கோட்டு ஒன்றின் கையில் அந்தக் கறுப்பு ஒட்டி, சோப்புக்கும் போகாமல், மருத்துவமனை மேற்பார்வையாளர் அதைத் திருப்பி அனுப்பினார். இனிப்பும் புளிப்பும் கலந்த ஒரு வாடை, பழத்தை மூடிய பைக்குள் மறந்து வைத்தது போல, கூடத்தில் நிலைத்துவிட்டது.

கடைத்தெருவில் செடி விற்கும் அம்மாள் இலையை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"வெள்ளை ஈ. பறக்குதே, அதை விரட்டிப் பிரயோஜனம் இல்லை. அடியில ஒட்டிக்கிட்டிருக்கு பாருங்க, அது குஞ்சு. உட்கார்ந்த இடத்தை விட்டு நகராது. ஊசியைக் குத்தி உறிஞ்சிக்கிட்டே இருக்கும். குடிச்சது போக மிச்சந்தான் கீழே ஒழுகுது."

சோப்புக் கரைசலை இலையின் அடியில் படும்படி அடிக்க வேண்டும், துணியால் ஒவ்வொரு இலையையும் துடைக்க வேண்டும், மோசமானதைக் கிள்ளிப் பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும், முட்டை சாகாது என்பதால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்று அந்த அம்மாள் சொன்னாள். பசை தடவிய மஞ்சள் அட்டைகளையும் கொடுத்தாள். எதற்கு மஞ்சள் என்று இவள் கேட்டாள்.

"அதுங்களுக்கு மஞ்சள்னா உயிர். இளசான இலைன்னு நினைச்சு வந்து விழும்."

அவள் இறங்கி வேலை செய்தாள். தையலில் பிசிறு விட்டால் தூக்கம் வராத கை அவளுடையது. மெஷினை மூடிவிட்டு, தலையில் துணி கட்டிக்கொண்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, ஒவ்வொரு இலையாக மல்லாத்தித் துடைத்தாள். துணி சாம்பல் நிறமாகிக் கொழகொழத்தது. குனிந்திருந்தபோது ஒன்று கண்ணுக்குள் விழுந்தது. இன்னொன்று முகத்துணியின் ஓரம் வழியாக உதட்டுக்கு வந்து, அதை நாக்கு தொட்டுவிட்டது. குளியலறைக்கு ஓடிப்போய்த் துப்பினாள். வாய் கொப்பளித்தும் நாக்கின் நுனியில் மாவு இருப்பது போலவே இருந்தது. கணவன் நாற்காலியில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். சொறிந்துகொண்டான்.

அட்டைகள் நிறைந்தன. மஞ்சளே தெரியாமல் வெள்ளை. பசையில் மாட்டியவை சிறகை மட்டும் துடிக்கவிட்டுக்கொண்டிருந்தன. பழைய அட்டையை எடுத்துப் புதியதைத் தொங்கவிட்டாள். அதுவும் நிறைந்தது. அதற்கடுத்தது பாதிதான் நிறைந்தது. அதற்கும் அடுத்ததில் இரண்டோ மூன்றோ. பின்பு அட்டை வெறும் மஞ்சளாகவே தொங்கியது.

இலைகளைத் திருப்பினாள். சுத்தம். செம்பருத்தி துளிர்விட்டிருந்தது. விட்டது சனியன் என்று மெஷினைத் திறந்து எண்ணெய் விட்டு, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தாள். அக்காவுக்குப் போன் செய்து சொன்னபோது, அக்கா தன் செடிகளை ஏதோ பிள்ளைகளை விசாரிப்பது போல ஒவ்வொன்றாக விசாரித்தாள். தம்பியை விசாரித்தது கடைசியில்தான்.

தம்பிக்கு அரிப்பு நின்றுவிட்டது. அதுவும் நல்ல சேதிதான். டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது, இனி வேலைக்குப் போகலாம் என்றார். இன்னும் மஞ்சளாகத்தானே இருக்கிறார் என்று அவள் கேட்டாள். டாக்டர் அவன் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளையாகத்தான் இருந்தது. தோலில் மட்டும் சிலருக்குக் கொஞ்ச நாள் நிற்கும், தானாகப் போய்விடும் என்றார். டாக்டரின் சட்டைக் காலரில் வெள்ளையாக ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது. பஞ்சாக இருக்கும். அவள் உடையிலிருந்து பறந்திருக்கும்.

அவன் வேலைக்குப் போகவில்லை. நாளைக்கு என்றான். மறுநாளும் நாளைக்கு என்றான். முழங்கால் ஆடுவது நின்றிருந்தது. தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. தண்ணீர் மட்டும் கேட்டான். செம்பு செம்பாகக் குடித்தான். காலையில் கிழக்கு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். வெயில் நகர நகர நாற்காலியும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருக்கும். அவன் எழுந்து திருப்பியதை அவள் ஒருமுறையும் பார்த்ததில்லை. படுக்க வா என்று கூப்பிட்டால் இங்கேயே இதமாக இருக்கிறது என்பான்.

மஞ்சள் குறையவில்லை. நோயின் மஞ்சளில் ஒரு அழுக்கு இருக்கும். இது அப்படியில்லை. தெளிவாக, பளிச்சென்று, துளிர் மாதிரி இருந்தது.

ஒரு நாள் தரையைத் துடைக்கும்போது துணி ஒட்டி இழுத்தது. செடித் தொட்டிகளைச் சுற்றிலும் காய்ந்த தரை. நாற்காலிக்குக் கீழேதான் ஈரம். மண்டியிட்டுக் குனிந்து பார்த்தாள். நாற்காலியின் பின்கால்கள் கறுத்திருந்தன. எறும்புகள் அவற்றின் வழியே ஏறி, பிரம்புப் பின்னலுக்குள் புகுந்து, அவன் சட்டைக்கு அடியில் மறைந்துகொண்டிருந்தன. ஒன்றுகூடத் தரைக்குச் சிதறவில்லை. எல்லாவற்றுக்கும் வழி தெரிந்திருந்தது.

எறும்பு ஏறுவது தெரியவில்லையா என்று கேட்டாள். தெரிகிறது என்றான்.

அன்று மாலையே செடிகளைப் பிடுங்கினாள். துளிர்விட்டிருந்த செம்பருத்தியையும் விட்டுவைக்கவில்லை. மண்ணோடு கறுப்புப் பைகளில் அடைத்து, வாயை முறுக்கிக் கட்டி, தெருமுனைக் குப்பைத்தொட்டி வரை இழுத்துக்கொண்டு போனாள். தொட்டிகளைக் கொதிநீரில் கழுவினாள். தரை, சுவர், ஜன்னல் கட்டை, கம்பி எல்லாவற்றையும் கழுவினாள். கூடம் வெறுமையாக, பினாயில் வாடையோடு இருந்தது. பச்சை என்று ஒன்றுகூட இல்லை. அவன் தடுப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவனுக்கு அவை தேவைப்படவில்லை என்பது அப்போது அவளுக்குப் புரிந்தது. ஏன் புரிந்தது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை. நல்ல வெயில். கீழ்வீட்டில் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம். பினாயிலை மீறி அந்த வாடை, இனிப்பும் புளிப்புமாக, கூடத்து வாசலிலேயே முகத்தில் மோதியது.

அவன் வெயிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கண் மூடியிருந்தது. முகம் பளபளத்தது, கழுவிவிட்ட மாதிரி.

அவள் வாளியில் வெந்நீரும் சோப்பும் கலந்து எடுத்து வந்தாள். துணியை நனைத்தாள்.

"ஏங்க, சட்டையைக் கழட்டுங்க. முதுகைத் துடைச்சு விடறேன்."

"வேணாம்மா."

"எத்தனை நாளாச்சு குளிச்சு. நாத்தம் தாங்கலை."

"துடைக்காதே."

குரலில் கோபமில்லை. கெஞ்சல். பதினைந்து வருடக் குடித்தனத்தில் அவள் கேட்டிராத கெஞ்சல்.

அவள் பின்னால் போனாள். சட்டையின் கீழ் விளிம்பைப் பிடித்தாள். துணி முதுகில் ஒட்டியிருந்தது. இழுத்தாள். ஈரமாகப் பிரிந்தது. தேன்குப்பியின் மூடியைத் திறக்கும்போது கேட்குமே, அந்தச் சத்தம்.

தூக்கினாள்.

வெள்ளை. தோல் எங்கேயென்று தெரியாத வெள்ளை. அது அசைந்தது. முதுகு முழுக்க ஒரே சமயத்தில் அசைந்து, எழுந்து, அவள் முகத்தில், தலைமுடியில், திறந்த வாயில், மாவு மாவாக. சத்தமே இல்லை. அத்தனை சிறகு. சத்தமே இல்லை.

எழுந்தவை எழுந்த பிறகு, எழாதவை தெரிந்தன.

தண்டுவடத்தின் இருபுறமும். விலா எலும்புகளின் ஓரமாக, வரிசை வரிசையாக. கண்ணாடிச் செதில்கள். அக்குளில் கொத்தாக. இடுப்பு மடிப்பில் ஒன்றின்மேல் ஒன்றாக. சில பிளந்திருந்தன. சில பிளந்துகொண்டிருந்தன. உள்ளிருந்து கசங்கிய ஈரச் சிறகு ஒன்று வெளியே வரப் பார்த்தது. அவற்றுக்கு நடுவே அவன் தோல், இளமஞ்சளாக, மெல்லிசாக, பச்சை நரம்பு ஓடி.

சோப்புத் துணியும் சட்டை விளிம்பும் கையிலிருந்து நழுவின. கத்த வேண்டும் என்று நினைத்தாள். வாயை மூடினாள். பல்லுக்கடியில் ஏதோ நசுங்கியது.

காற்றில் நின்ற வெள்ளை மெல்லச் சுற்றியது. ஜன்னல் திறந்துதான் இருந்தது. ஒன்றுகூட அந்தப் பக்கம் போகவில்லை.

அவன் கண்ணைத் திறக்காமலே கையைப் பின்னால் கொண்டுவந்து, அவள் விட்டுவிட்ட சட்டை விளிம்பைத் தடவிப் பிடித்தான். உயர்த்திப் பிடித்துக்கொண்டான்.

"கொஞ்சம் தள்ளி நில்லு. உன் மூச்சுக்காத்து படுது. பயப்படுதுங்க."

அவள் தள்ளி நின்றாள். சுவர் முதுகில் இடித்தது.

அவை திரும்பின. ஒவ்வொன்றாக. அவளுடைய முடியிலிருந்து, தோளிலிருந்து, உதட்டிலிருந்து எழுந்து, வெயிலைக் கடந்து, அவன் முதுகில் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்தன. ஒவ்வொன்று உட்காரும்போதும் அவன் முகம் இளகியது. கடைசியாக ஒன்று மட்டும் வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அது வந்து சேரும்வரை அவன் காத்திருந்தான். பிறகு, தூங்கும் குழந்தைகள் மேல் போர்வையை இழுத்து விடுவது போல, நசுங்காமல், மெதுவாக, சட்டையைக் கீழே இறக்கிவிட்டான்.