கேட்காமல் விட்ட மனை

"கண்ணு தெரியலியா உனக்கு?"

வாசலுக்கு வந்த பச்சையம்மாவின் தோளெல்லாம் சுண்ணாம்பு. சுண்ணாம்பு அடிக்கும் மட்டையும் கையுமாக நின்றவன் பதறிப்போனான். அவள் கன்னத்திலும் ஒரு துளி... சொல்லலாமா, கூடாதா என்று அவன் தவித்த தவிப்பில் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மண்சுவரில் அவன் இழுத்திருந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

கோடு விழுந்த குடிசைகளை இடிக்கப் போகிறார்கள். கோட்டைப் பீரங்கிகளுக்கு முன்னால் வெட்டவெளி வேண்டுமாம். அதற்கப்பால் புது மதில், நேரான தெருக்கள். கோட்டையை ஆளும் ஒல்லாந்தத் துரைகள் காகிதத்தில் வரைந்து முடித்துவிட்டார்கள். மீனவர் குப்பம் வடக்கே உவர்மண் திட்டுக்குப் போக வேண்டும்.

அவன் தேசப்பன். திருப்பாலைவனத்திலிருந்து கோட்டைக்குக் கூலி வேலைக்கு வந்தவன்.

மாலை மழையில் கோடு கரைந்தது. மறுநாள் மறுபடி வந்தான்.

"ஊர்ல வேற ஊடே கெடைக்கலியா?"

"மழ அழிச்சிடுச்சு... நான் இன்னா பண்றது?"

"மழைக்கு இருக்கிற எரக்கம் உங்க தொரைக்கு இல்ல."

அவன் தலை குனிந்தான். நிமிர்ந்தபோது அந்தக் கண்கள், மழை விழுந்த ஏரி போலக் கலங்கியிருந்தன. அதன்பின் மழை பெய்தால் அவள் ஒழுகும் கூரையைப் பார்ப்பதில்லை... அவன் வரும் வழியைத்தான் பார்த்தாள். வீட்டை இடிக்க அடையாளம் வைப்பவனுக்காகவா காத்திருக்கிறேன்? அந்த வெட்கம் அவளை அரித்தது.

குப்பத்துப் பெரியதனக்காரர் பெரியசாமி ஊரைக் கூட்டிச் சொன்னார்: "ஆம்பள இல்லாத ஊட்டுக்குப் புது மனை கெடையாது. கோட்டை உத்தரவு."

மனை இல்லாதவள் குப்பத்தில் இருக்க முடியாது. கரையில் மீன் எடுத்து விற்கவும் முடியாது. பெற்ற நைனாவைக் கடல் கொண்டுபோனதிலிருந்து பச்சையம்மா தனி.

தேசப்பன் வந்து நின்றான். "என் பேரச் சொல்லு. கட்டிக்கப் போறவன்னு சொல்லு. மனை தருவாங்க."

"ஊட்டையும் இடிச்சிட்டு, பாவப்பட்டுத் தாலியும் கட்டுவியா?"

"பாவம் இல்ல..."

"பின்ன இன்னா?"

கையிலிருந்த சுண்ணாம்புச் சட்டியைப் பார்த்தான். அதை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வான்? சட்டியோடு திரும்பி நடந்தான்.

மனை பிரிக்கும் நாள் வந்தது.

"பச்சையம்மா, உனக்கு ஆம்பள யாரும்மா?" என்று கேட்டார் பெரியசாமி.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து தேசப்பன் ஓரடி முன்னால் வந்தான். வராதே என்றன அவள் கண்கள். அவன் பெயர் நாக்கு நுனியில்தான் இருந்தது. இப்போது சொன்னால் ஆயுசுக்கும் அது மனை வாங்கிய பெயர்... அவனுக்கும் சந்தேகம் இருக்கும், எனக்கும்.

"யாரும் இல்ல."

அவளுக்கு வந்திருக்க வேண்டிய மனை அடுத்தவருக்குப் போனது.

மறுநாள் கொட்டும் மழையில் இடித்தார்கள். அவள் வீட்டு நடுக்கம்பம் சாய்ந்தபோது, அடுத்த வீட்டை இடித்துக்கொண்டிருந்த தேசப்பன் கடப்பாரையை எறிந்துவிட்டு ஓடிவந்தான்.

"இன்னா வீம்புடி உனக்கு! ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா மனைக்காகன்னு ஆயிருக்கும். இப்ப மனையும் போச்சு, ஊரும் போச்சு. உங்கிட்ட வாங்கிக்க ஒண்ணும் இல்ல... இப்ப சொல்றேன். நீதான்யா. மொத மழையிலேர்ந்து நீதான்."

அவன் அழுதான். "எங்க போவோம், பச்சே?"

"தெரியல."

இடிந்த மண்ணில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கூலிகள் அடுத்த கூரையில் ஏறினார்கள்.